மடலும் நாணமும்

காதலித்தவளை மணந்துகொள்ள வேறு வழி காணாத ஆடவன், கருக்கு மிகுந்த பனைமட்டைகளைப் பிணைத்துக் குதிரையாக்கி, அதற்கு மணியும் மாலையும் பூட்டி, பிறர் விரும்பாத எருக்கம்பூவைத் தான் சூடி, சில பாட்டுகளின்படி எலும்பையும் அணியாகப் பூண்டு, ஊர் நகைக்கத் தெருவிலே வருவதை மடலேறுதல் என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவமானத்தையே ஆயுதமாகக் கொண்ட வழக்கம் இது. இன்னாள் பொருட்டு இவன் இந்நிலை எய்தினான் என்று ஊர் முழுவதும் அறிந்தபின், பெண்ணின் சுற்றத்தார் மணத்துக்கு இசைவதன்றி வேறு செய்வதற்கில்லை. இதைப் பாடியதனாலேயே ‘மடல் பாடிய மாதங்கீரனார்’ என்று பெயர் பெற்ற புலவர் ஒருவரும் உண்டு.

மடலேறுவேன் என்று சொல்வதையும் உண்மையிலேயே ஏறிவிடுவதையும் தொல்காப்பியர் வேறுபடுத்துகிறார். சொல்வது களவொழுக்கத்தில் அமைவது. ஏறியது பொருந்தாக் காமமாகிய பெருந்திணையின் பாற்படும். பெரும்பாலான பாட்டுகளில் தலைவன் தோழியை அச்சுறுத்துவதோடு நின்றுவிடுகிறான் என்பதைக் காணும்போது, மட்டைக்குதிரை வீதியில் நடந்ததைக் காட்டிலும் வாய்ச்சொல்லில் நடந்ததே மிகுதி என்று கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால், அந்த வாய்ச்சொல்லும் பெண்ணுக்கு இல்லை. எத்திணையிலும் மகளிர் மடலேறுதல் நெறியன்று என்பது தொல்காப்பிய விதி. தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைப்பதும் தலைவிக்கு உரியதன்று. இவ்விதிகளை மட்டும் படிப்பவர், பெண்ணுக்குக் காமம் குறைவு என்று அக்காலத்தார் எண்ணினார் போலும் என்று முடிவுகட்டக்கூடும். அது பெரும் பிழையாகும். அதே நூலின் மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே அமையவேண்டிய பத்து ஒப்புமைகளை விதிக்குமிடத்தில், பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு முதலியவற்றோடு காமத்தின் அளவையும் ஒன்றாக வைக்கிறது. வேட்கை இருவருக்கும் சமம் என்று வகுத்த இலக்கணம், அதை வெளியிடும் உரிமையை மாத்திரம் ஒருவருக்கே அளித்தது. சொல்லப்படாத வேட்கை என்னவாகும் என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது: புதுமண்பானையில் வார்த்த நீர் புறத்தே பொசிவதுபோல அது குறிப்பினால் வெளிப்படும் என்பது உரையாசிரியர் விளக்கம். திருவள்ளுவரும் நாணுத்துறவுரைத்தல் என்னும் 114-ஆம் அதிகாரத்தின் 1137-ஆம் குறளில், பெண்ணின் காமத்தைக் கடலளவாகக் கூறியே, அதனை அடைந்து வருந்தியும் மடலேறாத அவளது பெருமையைப் பேசுகிறார். இன்மையை அன்று, அடக்கத்தையே புகழ்கிறார்.

இக்கால மனோதத்துவ ஆராய்ச்சியில் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுந்திருக்கிறது. வினாத்தாள்களில் ஆடவர் தம் வேட்கையை மிகுத்தும் மகளிர் குறைத்தும் சொல்கிறார்களே, அது வேட்கையின் வேறுபாடா, சொல்வதன் வேறுபாடா? 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான மிஷெல் அலெக்சாண்டரும் டெரி ஃபிஷரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரி மாணவ மாணவியரில் ஒரு பகுதியினர், பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியோடு தாங்கள் இணைக்கப்பட்டிருப்பதாக நம்பும்படி செய்யப்பட்டனர். அந்நிலையில் தம் பாலியல் அநுபவங்களைப் பற்றி இருபாலாரும் அளித்த விடைகளிடையே இருந்த இடைவெளி, பிறர் பார்த்துவிடலாம் என்று அஞ்சி விடையெழுதியவர்களிடம் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்தது. இதைக்கொண்டு ஆண் பெண் இயல்புகளில் யாதொரு பேதமுமே இல்லை என்று சாதிப்பது நியாயமாகாது. எனினும், நாணத்தின் பங்கைக் கழிக்காமல் வேட்கையை அளந்து சொல்லும் எந்தக் கணக்கையும் நான் முழுமையாக நம்புவதற்கில்லை.

விதி இருந்தும் அதனைக் கடந்த குரல்கள் தமிழிலே உண்டு. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைக் காமுற்று நக்கண்ணையார் பாடிய மூன்று பாட்டுகள் புறநானூற்றிலேயே இடம்பெற்றிருக்கின்றன. ஆண்டாள் அரங்கனை வேட்டுப் பாடியதை நாடறியும். மடல் விதியையே நேர்நின்று மறுத்த குரல் ஓர் ஆடவர், பெண்ணாகத் தம்மைப் பாவித்துப் பாடியது என்பது விசேஷம். திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் தலைவியே மடலூரத் துணிகிறாள். பெண் மடலேறலாகாது என்பது தென்னாட்டார் வழக்கு என்றும், தான் வடநெறியையே விரும்புவதாகவும் கூறி, சீதை, உலூபி, உஷை முதலானோரைத் தனக்குச் சாட்சியாக வரிசைப்படுத்துகிறாள். வைணவ ஆசாரியர்கள் இத்துணிவை விலக்கவில்லை. ஸ்ரீவைஷ்ணவர் அநுசந்திக்கும் நாலாயிரத்துள் வைத்துப் போற்றி வியாக்கியானமும் எழுதினார்கள். ஆத்மாவின் பக்திக்கு அளித்த இச்சலுகையை மானிடப் பெண்ணின் காமத்துக்கு யாரும் அளித்ததில்லை என்பதே நெஞ்சை வருத்துவது.

பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் சபையில் விளங்கிய பெண்புலவர் முத்துபழனி, தெலுங்கில் ராதிகா ஸாந்த்வனம் என்னும் சிருங்கார காவியத்தை இயற்றினார். ராதையின் தாபமும் கோபமும் ஆசையும், கண்ணனே வந்து அவளைத் தேற்றுவதும் அதன் பொருள். பின்னர் தெலுங்குச் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு, பெண் வாயில் வரத்தகாதவை இவை என்று இந்நூலைக் கண்டித்தார். அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், லண்டனில் வில்லியம் ஆக்டன் என்னும் வைத்தியர், பெரும்பாலான மாதர்க்குக் காமவுணர்ச்சி அவ்வளவாக இல்லை என்று வைத்திய நூலிலேயே எழுதியிருந்தார். பழந்தமிழ் இலக்கணம் அடக்கம் என்று அறிந்ததை அவர் இயல்பென்றே கொண்டார்.

இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் முத்துபழனியின் ஏட்டைத் தேடிப் பெற்று, 1910-இல் சென்னை வாவிள்ள நிறுவனத்தார் மூலம் முழுமையாக அச்சேற்றினார். நாணம் என்பது பெண்களுக்கு மட்டும் இயற்கையோ, ஆண்களுக்கு அது இல்லையோ என்று அவர் வினவியதோடு, வீரேசலிங்கம் தாமே பரிசோதித்து வெளியிட்ட வைஜயந்தீ விலாஸத்தில் இதனினும் மிகுந்த சிருங்காரம் இருப்பதையும் எடுத்துக்காட்டினார். அதற்குக் கிடைத்த மறுமொழி ராஜாங்கத்தின் தடையுத்தரவு. 1911-இல் பிரதிகள் பறிமுதலாயின. நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னை மாகாண அரசியல் தலைவர் பிரகாசம் அவர்களின் முயற்சியால் தடை நீங்கி, 1952-இல் அதே வாவிள்ள நிறுவனம் நூலை மீண்டும் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே நாகரத்தினம்மாளும் காலமானார்.