தௌலிக் குன்றில் தமிழ் வேந்தர்

கலிங்கம் என்றவுடன் தமிழராகிய நம் நெஞ்சில் முதற்கண் எழுவது சயங்கொண்டாரின் பரணியே. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் அந்நாட்டை வென்ற செய்தியை மேடைதோறும் கேட்டு மகிழ்கிறோம். அதே கலிங்கம் என்னும் சொல்லைச் சங்கச் சான்றோர் ஆடைக்குப் பெயராக வழங்கினர் என்பதை நினைப்பவர் சிலரே. அந்நாட்டு நெசவுக்கு நம் நாட்டில் அத்துணைப் பெருமை இருந்தது போலும்! பரணிப் போருக்கு ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன்னரே கலிங்கத்துப் பாறை ஒன்றில் தமிழ் வேந்தரைப் பற்றிய செய்தி பொறிக்கப்பட்டது. அது போர்ச் செய்தியன்று, மருந்துச் செய்தி.

அப்பாறை தௌலி என்னும் சிற்றூரின் குன்றில் உள்ளது. ஹவுராவிலிருந்து சென்னை செல்லும் வண்டிகள் புவனேசுவரம் வழியாகவே செல்கின்றன. அந்நகருக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் தயா நதி வளைந்தோட, அதன் கரையில் நெல்வயல்களுக்கு நடுவே தாழ்ந்த குன்று ஒன்று நிற்கிறது. அதன் அடியில் அமைந்ததே அவ்வூர். குன்றின் உச்சியில் 1972ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வெண்ணிறச் சாந்தித் தூபி தொலைவிலேயே கண்ணைக் கவரும். நாம் சென்றிருந்தபோது பேருந்துகளில் வந்தோர் எல்லாரும் நேரே அத்தூபிக்கே ஏறிச் சென்றனர். கீழே சாலையோரத்திலிருந்த பாறையருகில் நின்றவர் நம்மையன்றி இருவரோ மூவரோதான். ஊரின் அமைதியைக் குலைத்தவை மாட்டின் மணியோசையும் வயலிலிருந்து வந்த பேச்சொலியுமே.

பாறையின் மேற்பகுதியில் ஓர் யானை. முன்னுடல் மட்டும் கல்லிலிருந்து வெளிப்பட்டு வருவதுபோல் செதுக்கப்பட்டுள்ளது. ஒடிசாவில் இதனினும் பழைய சிற்பம் இல்லை என்பர். யானைக்குக் கீழே, செப்பம் செய்யப்பட்ட பாறை முகத்தில் அசோகனின் கட்டளைகள் வரிவரியாக உள்ளன. கி.மு. 261 அளவில் நிகழ்ந்த கலிங்கப் போரில் ஓரிலக்கம் பேர் மாண்டனர் எனவும், ஒன்றரை இலக்கம் பேர் நாடு கடத்தப்பட்டனர் எனவும் அசோகனே தன் பதின்மூன்றாம் கட்டளையில் கூறி வருந்துகிறான். வியப்பு யாதெனில், அப்போர் நிகழ்ந்த கலிங்க மண்ணில், தௌலியில், அக்கட்டளை பொறிக்கப்படவில்லை! அதற்கு மாறாக, மக்கள் அனைவரும் தன் மக்களே என்றும், அதிகாரிகள் எவரையும் காரணமின்றிச் சிறையிலிடவோ துன்புறுத்தவோ கூடாது என்றும் கூறும் தனிக் கட்டளைகள் அங்குள்ளன. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச அவன் விரும்பவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

நமக்கு உரிய செய்தி இரண்டாம் கட்டளையில் உள்ளது. தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும், அந்தியோகன் என்னும் யவன அரசன் நாட்டிலும் மனிதருக்கும் விலங்கிற்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்ததாக அசோகன் அதிற் கூறுகிறான். மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்தான். வழிகளில் கிணறு வெட்டி மரம் வைத்தான். தௌலிப் பாறையில் இப்பகுதியின் எழுத்துகள் சில தேய்ந்துவிட்டன. ஆயினும் கிர்நார் முதலிய இடங்களில் உள்ள படிகளைக் கொண்டு அறிஞர் விடுபட்டவற்றை நிரப்பிப் படித்துள்ளனர். கிரேக்க மன்னனும் சோழ பாண்டியரும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்! அவனும் அசோகனுக்கு அடங்கியவன் அல்லன், நம்மவரும் அல்லர்.

இவ்வெழுத்துகளை உலகிற்குப் படித்துக் காட்டிய பெருமை நாம் வாழும் கங்கைக் கரைக்கே உரியது. 1837இல் மார்க்கம் கிட்டோ என்னும் படை அலுவலர், கரடிகள் திரிந்த அக்குன்றில் ஏறி எழுத்துகளைப் படியெடுத்தார். அப்படி கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்தது. அங்கே நாணயச் சாலையில் உலோகங்களைத் தரம் பார்க்கும் பணியிலிருந்த சேம்சு பிரின்செப், சாஞ்சித் தூபியின் சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே சொல்லில் முடிவதைக் கண்டு, அது தானம் என்னும் சொல்லாதல் வேண்டும் என உய்த்துணர்ந்தார். அதனைத் திறவுகோலாகக் கொண்டு பிராமி எழுத்து முழுவதையும் படித்தார். தௌலியும் கிர்நாரும் ஒன்றையே கூறுகின்றன என்பதையும், அவற்றில் கிரேக்க மன்னன் பெயர் உண்டு என்பதையும் 1838இல் வெளியிட்டார். ஓயா உழைப்பால் உடல் நலிந்து 1840இல், நாற்பதே வயதில், இலண்டனில் மறைந்தார். ஹூக்ளியின் எதிர்க்கரையில் பிரின்செப் படித்துறையில் மாலைக் காற்று வாங்கும் நம் இளைஞர்களுள் எத்துணைப் பேர் அப்பெயரின் வரலாற்றை அறிவர்?

சத்தியபுத்திரர் யார் என்பது மட்டும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஒவ்வோர் அறிஞரும் ஒவ்வொன்று கூறினர். 1981இல் திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் ஊரின் குன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாழி என்பது அதன் வாசகம். ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அஞ்சியின் குடியே அது! பாடலில் மட்டும் வாழ்ந்த அதியமான் குடிக்குக் கல்லிலும் சான்று கிடைத்தது.

புவனேசுவரத்தின் மேற்கே உதயகிரி அத்திகும்பாவில் காரவேலன் கல்வெட்டும் உண்டு. தமிழ் வேந்தரின் கூட்டணியைத் தான் உடைத்ததாகவும், பாண்டியனிடமிருந்து முத்துகளைப் பெற்றதாகவும் அவன் பெருமை பேசுகிறான். அது வென்றவன் வாய்மொழி. பரணி நம் வாய்மொழி. இரண்டையும் படிக்கும் பிள்ளைகள் தௌலியையும் படித்தல் நன்று.

பூரி செகந்நாதரைத் தரிசிக்கச் செல்லும் குடும்பத்தினர் ஒரு பகலைக் கூட்டிக்கொண்டால் தௌலியையும் உதயகிரியையும் கண்டு திரும்பலாம். பூரிக்குச் செல்லும் சாலையிலிருந்து பிரியும் கிளைவழி குன்றின் அடிக்கே கொண்டு சேர்க்கும். உச்சிவெயிலில் எழுத்துகள் கண்ணுக்குத் தெளிவாகப் படா. வெயில் சாய்ந்து விழும் காலை வேளையில் வெட்டுக்குள் நிழல் தங்கும். அப்போது மாணவர்கள் பிராமி எழுத்துப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்க்கலாம். ராசா என்பதை அவ்வூர்ப் பாறை லாசா என்றே எழுதியிருக்கும்; பிழையென்று எண்ணிவிட வேண்டா, அக்காலக் கீழ்நாட்டுப் பேச்சு அவ்வாறே இருந்தது.