தங்கவயலும் பழைய கணிப்பொறிகளும்: தேடல், இனங்காணல், காத்தல்

கோலார் தங்கவயல் என்றால் வெளியூர்த் தமிழர்க்கு நினைவுக்கு வருவது தங்கம். நம் குடும்பங்களுக்கோ சுரங்கச் சங்கின் ஓசை, வரிசை வீடு, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் ஆகியவை நினைவுக்கு வரும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, இந்த மண்ணின் தொழில் வரலாறு ஓரளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. இன்னும் சரியாக எழுதப்படாத ஒரு பக்கம் உண்டு. தங்கம் தோண்டிய அதே குழிக்குள் எண்ணும் பொறிகள் இறங்கின. இன்று அவற்றின் உறவுமுறைப் பொறிகள் குஜிரிக் கடைகளில் கிலோ கணக்கில் போகின்றன. பெங்களூரில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவன் என்ற முறையிலும், சில காலமாகப் பழைய கணிப்பொறிகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையிலும் இதைப்பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

குழிக்குள் இறங்கிய எண்ணும் பொறி

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பெய்துகொண்டிருக்கின்றன. ஆழமாகப் போகப் போகப் பாறை அவற்றைத் தடுத்துவிடும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை துகள் வந்து சேர்கிறது என்று எண்ண, உலகிலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகிய சாம்பியன் ரீஃப் வசதியாக இருந்தது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவின் மாணவராக இருந்த பி.வி. ஸ்ரீகண்டன் 1951-இல் இங்கே ஆய்வைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 2,700 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்துச் சுமார் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூட வரவில்லை. அந்தச் சூனியம்தான் பெரிய செய்தி ஆயிற்று. இவ்வளவு அமைதியான இடத்தில் ஏதாவது ஒன்று பதிவானால், அது பாறையை ஊடுருவி வரும் நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்க முடியும்.

டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. எம்.ஜி.கே. மேனன், எஸ். மியாகே, ஆர்னால்ட் உல்ஃபெண்டேல் போன்றோர் அதில் இருந்தனர். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் கண்டறிந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவும் அதே வேட்டையில் இருந்தது. அவர்களுடைய தடயம் சில வாரங்கள் முந்திப் பதிவானது. கட்டுரையை முந்தி வெளியிட்டவர்கள் தங்கவயல் குழுவினர். இந்தக் கணக்கை இன்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் தேதியிட்ட பதிவுகள் இருப்பதே.

இதில் கணிப்பொறிக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சுரங்கக் கூண்டு நகர வேண்டுமானால் கீழே இருப்பவரும் மணி அடிக்க வேண்டும், மேலே இருப்பவரும் அடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் அடித்தால் போதாது. துகள் எண்ணும் கருவியும் அப்படித்தான். இரண்டு பக்கத்து உணர்கருவிகளும் ஒரே நேரத்தில் 'ஆமாம்' என்றால்தான் அது ஒரு நிகழ்வு. ஒன்று மட்டும் சொன்னால் தள்ளிவிடும். இத்தாலியரான புரூனோ ரோஸி 1930-இல் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அமைத்த இந்த உடன்நிகழ்வுச் சுற்று, பின்னாளில் கணிப்பொறிக்குள் கோடிக்கணக்கில் புகுந்த 'ஆண்ட்' வாயிலின் மூத்த வடிவம் எனலாம். ஆகவே தங்கவயல் குழிக்குள் இருந்தவை கணிப்பொறியின் தாய்மாமன்கள்!

ஒரே கூரையின் கீழ்

சுரங்கத்துக்குள் எண்ணிய அதே டாடா நிறுவனம்தான் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய கணிப்பொறிக்கும் தாய்வீடு. அதன் பெயர் டிஃப்ராக். அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பொறி 1960-இல் செயல்பாட்டுக்கு வந்தது; 1962-இல் பிரதமர் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மேனியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். நினைவகத்தில் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். பெருக்கிப் பார்த்தால் 81,920 பிட், அதாவது நம் கணக்கில் 10 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். 1964-இல் அமெரிக்காவின் சி.டி.சி. 3600 வந்து சேர்ந்ததும் டிஃப்ராக்கின் காலம் முடிந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஐதராபாதில் 1967-இல் அமைந்த இ.சி.ஐ.எல். நிறுவனம் 1969-இல் டி.டி.சி.-12 பொறியைத் தந்தது. 1976-இல் எச்.சி.எல். தொடங்கியது. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. 1984-இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. தங்கவயலில் புரோட்டான் சிதைவைத் தேடிய ஆய்வு 1980-களில் நடந்து, 1992-இல் நிறுத்தப்பட்டது. சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் அதிகாலை ரயிலேறிப் பெங்களூர்க் கணிப்பொறி வேலைகளுக்குப் போகத் தொடங்கினர். ஒரு தலைமுறை கூண்டில் இறங்கியது. அடுத்த தலைமுறை ரயிலில் ஏறியது.

தங்கத்துக்காக மீண்டும் உடைபடுபவை

இங்கேதான் நம்ம ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. தொடக்கக் காலத்தில் இந்தச் சுரங்கத்தின் ஒரு டன் தாதுவில் 47 கிராம் வரை தங்கம் கிடைத்தது. மூடுகிற காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு டன் கணிப்பொறிப் பலகைகளில் 200 கிராம் அளவுக்குத் தங்கம் இருக்கும் என்பது மறுசுழற்சித் துறையினரின் பொதுவான கணக்கு. பழைய வெள்ளைப் பீங்கான் சில்லு, மஞ்சள் மூடி, மஞ்சள் கால்கள் என்று எது சேகரிப்பவனுக்கு அரிதோ, அதுதான் அமிலத் தொட்டிக்காரருக்கும் ஆசை. ஆக, பழைய பொறிக்கு எதிரி துரு மட்டுமல்ல; தங்கமும்தான்.

குஜிரிக் கடையில் போய்க் கேட்டால், "அண்ணா, எதுவானாலும் கிலோ கணக்குதான், பொறுக்கிக்கிட்டா ரேட்டு வேற" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவர்களுடைய பிழைப்பு. ஓர் அலுவலகம் இடம் மாறியபோது முப்பதாண்டுப் பொறிகளையும் கையேடுகளையும் பட்டியல்கூட எழுதாமல் ஒரே லாரியில் ஏற்றிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். கையேடு பழைய பேப்பருக்குப் போனது, பலகை அமிலத்துக்குப் போனது. இரண்டையும் பிரித்துவிட்டால் எஞ்சியது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

இனங்காண்பது எப்படி

முதலில் சில்லின் முதுகைப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். ஒன்று பகுதி எண், மற்றது தயாரித்த காலம். 8423 என்றிருந்தால் 1984-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. 7404 என்பது 1974-இன் நான்காம் வாரமாகவும் இருக்கலாம், பரவலாக வழங்கிய ஒரு லாஜிக் சில்லின் பெயராகவும் இருக்கலாம். பக்கத்துச் சில்லுகளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பலகையில் உள்ளவற்றுள் மிகப் புதிய தேதிக்கு முன்னால் அந்தப் பலகை பிறந்திருக்க முடியாது. பின்னால் பழுது பார்த்து மாற்றிய சில்லை மட்டும் கணக்கில் தள்ளிவிட வேண்டும்.

அடுத்து மூளைச் சில்லு. இசட்-80 என்றால் 1976-க்குப் பிந்தியது. 6502 என்றால் 1975-க்குப் பிந்தியது, பி.பி.சி. மைக்ரோவில் இருப்பது இந்தக் குடும்பமே. 8088 என்றால் 1979-க்குப் பிந்தியது. நெகிழ்வட்டின் அகலமும் காலம் சொல்லும்: 8 அங்குலம் 1970-களுடையது, ஐந்தேகால் அங்குலம் 1976-க்குப் பிந்தியது, மூன்றரை அங்குலம் 1980-களுடையது. மெல்லிய கம்பிகளில் கடுகைவிடச் சிறிய கறுப்பு வளையங்கள் கோத்த சட்டம் கிடைத்தால், அதைச் சல்லடை என்று எறிந்துவிடாதீர்கள். அது ஃபெரைட் வளைய நினைவகம். ஊசியும் கையுமாகக் கோத்தது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முத்திரையுள்ள வால்வு, டிரான்சிஸ்டர் எதையும் தனியே எடுத்து வையுங்கள். அது நம் நாட்டிலேயே செய்த பொருள்.

பெயர்ப்பலகையைவிட முக்கியமானது ஊர்க்கதை. எந்த அலுவலகத்திலிருந்தது, யார் வேலை செய்தார், எந்த ஆண்டு வாங்கினார்கள் என்பதைப் பொருளோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கட்டிவிடுங்கள். கதையில்லாத பொறி வெறும் உலோகம்.

காப்பது எப்படி

வாங்கி வந்த உடனே சுவிட்சைப் போடாதீர்கள். பல ஆண்டுகள் தூங்கிய கண்டென்சர் ஒரேயடியாக 230 வோல்ட்டைத் தாங்காது. நம்ம எலக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல 60 வாட் குண்டு பல்பை வரிசையில் சேர்த்து, முதலில் மின்வழங்கிப் பகுதியை மட்டும் தனியாகச் சோதியுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். படக்குழாய் உள்ள மானிட்டரைத் தெரிந்தவர் தவிர வேறு யாரும் திறக்க வேண்டாம். மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் உயர் மின்னழுத்தம் அதில் தங்கியிருக்கும்.

386, 486 பொறிகளின் பலகையில் நீல நிறப் பீப்பாய் போன்ற நிக்கல்–காட்மியம் பாட்டரி இருக்கும். அதை முதல் வேலையாக வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்து செம்புப் பாதைகளைத் தின்றுவிடும். பச்சை பூத்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவினால் அரிப்பு நிற்கும். முதுகில் கண்ணாடிச் சன்னல் உள்ள இ.பி.ராம் சில்லின் ஒட்டுத்தாளைக் கிழிக்காதீர்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே எழுதியது மெல்ல அழிந்துவிடும். பூஞ்சை பிடித்த நெகிழ்வட்டை இயக்கியில் போட்டால், வட்டும் கெடும், இயக்கியின் தலையும் கெடும்.

தங்கவயல் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தனிச் சொல். காற்றடி காலத்தில் சைனைடு மண்மேட்டிலிருந்து கிளம்பும் மாவுத்தூசி எதற்குள்ளும் புகும். அதை வாயால் ஊதாதீர்கள். முகக்கவசம் கட்டி, மென்தூரிகையால் வெளிப்பக்கமாகத் துடைத்து எடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். துடைத்த பொருளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையில் படாமல், கறையானுக்கு எட்டாத அலமாரியில் வைக்கலாம்.

வெளியூர்ச் சான்று ஒன்று

இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் 1951-இல் ஒரு கணிப்பொறி ஓடத் தொடங்கியது. அதில் எண்களை வைத்திருந்தவை டெகட்ரான் குழாய்கள். அணுத்துகள்களை எண்ணும் கருவிகளில் பயன்பட்டவையும் அதே குழாய்கள்தாம். பின்னர் அது ஒரு கல்லூரிக்குப் போய், 1973-இல் ஓய்வு பெற்று, அருங்காட்சியகத்தில் நின்று, கடைசியில் பிரித்துக் கிடங்கில் போடப்பட்டது. கிடங்கின் புகைப்படம் ஒன்றில் தெரிந்த பலகையை ஆர்வலர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். தொண்டர்கள் மூன்றாண்டு உழைத்து 2012-இல் பிளெட்ச்லி பார்க்கில் அதை ஓட வைத்தார்கள். உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய மூல எண்முறைக் கணிப்பொறி அதுதான் என்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு அது தெரிந்ததாலும், பாகங்கள் ஒன்றாகக் கிடந்ததாலும் அல்லவா அது பிழைத்தது!

நமக்கு அத்தனை பெரிய மாளிகை வேண்டியதில்லை. சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரி போதும். ஓர் ஏடு போட்டு, பொருளின் எண், படம், கிடைத்த இடம், கொடுத்த குடும்பம் நான்கையும் எழுதி வைத்தால் அதுவே அருங்காட்சியகத்தின் முதல் பக்கம். நியூட்ரினோவைக் கண்டறிந்த அறிஞர்களின் பெயர்கள் கட்டுரைகளில் இருக்கின்றன. அந்தக் கனமான ஈயத்தையும் கண்ணாடிக் குழாய்களையும் கொண்டுபோன கூண்டு நம் பாட்டன்மார் இறங்கிய அதே சுரங்கத்துக் கூண்டு. அதை இயக்கியவர், சுமை ஏற்றியவர், விளக்கு பிடித்தவர் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. வீட்டில் கிடக்கும் ஒரு பழைய அடையாளச் சீட்டோ, வேலைக் குறிப்பேடோ, மீட்டரோ அந்தப் பெயர்களுக்குச் சாட்சியாகலாம். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது, பரணிலிருந்து இறங்கும் சாமான்களைக் குஜிரிக்காரர் தராசில் வைக்குமுன் ஒரு முறை திருப்பிப் பார்த்து, முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள்.