வலைத்தள வடிவமைப்பு: திறமையோடு பதிவும் தேவை

குளுவாங்கில் இருந்தபடியே கோலாலம்பூர், சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கு வலைத்தளம் வடிவமைத்துக் கொடுக்கலாம். ஆனால், முதலாளி இல்லாத தொழிலில் இபிஎஃப், சொக்சோவை நாமேதான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு: 1956 வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் சொந்தப் பெயருக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயருக்கு 60 ரிங்கிட். இந்தப் பதிவைக் கொண்டு வங்கியில் வணிகக் கணக்கு திறக்கலாம்.

பாதுகாப்பு: சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் சேர்ந்தால், வேலையின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு உண்டு. இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் சேமித்தால், தகுதியுள்ளோருக்கு அரசும் ஊக்கத்தொகை சேர்க்கும்.

ஒப்பந்தம்: எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். தளத்தின் முகவரியை வாடிக்கையாளர் பெயரிலேயே பதியுங்கள். பின்னாளில் தகராறுக்கு இடமிருக்காது.