பெயரும் புரவலும்: யாழ்ப்பாணத்து அமெரிக்க விடுதிப் பள்ளிகள் (1816–1872)

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க இலங்கை மிஷன் யாழ்ப்பாணத்தில் நடத்திய விடுதிப் பள்ளிகள் கடல்கடந்த நன்கொடையாளரின் உதவியால் இயங்கின. ஒரு பிள்ளையின் பராமரிப்புச் செலவை ஏற்ற புரவலர் அப்பிள்ளைக்கு ஓர் அமெரிக்கப் பெயரையும் வழங்கும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தின் தோற்றத்தையும், பெயரைப் பெற்றோர் அதனைக் கையாண்ட முறையையும், 1855-ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் பள்ளியின் பொறுப்பு இடம்மாறிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்க இலங்கை மிஷன், உடுவில், வட்டுக்கோட்டைச் செமினரி, புரவலர், இடுபெயர்.

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை முதலிய பெயர்கள் இடம்பெற்றுள்ளன. இவற்றின் முன்னொட்டுகளை மதமாற்றத்தின் அடையாளம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவை ஒரு கல்விக் கொடைமுறையின் எச்சங்களும் ஆகும். அயல்நாட்டுப் பள்ளியொன்றைப் பேணுவோர் தம் கொடைக்கு ஈடாக எதனை எதிர்பார்த்தனர், பெற்றோர் எதனைத் தமதாக்கிக் கொண்டனர் என்னும் வினாக்களுக்கு இப்பெயர்கள் விடைதரும் சான்றுகளாக அமைகின்றன.

பள்ளிகளின் தோற்றம்

போஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சபை அனுப்பிய முதற்குழுவினர் 1816-இல் இலங்கையை அடைந்தனர். டானியல் புவர் முதலியோர் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் பணியைத் தொடங்கினர். பகற்பள்ளிகளோடு நில்லாமல், பிள்ளைகளை உணவும் உடையும் உறைவிடமும் அளித்துத் தம்முடன் வைத்துக் கற்பிக்கும் விடுதிமுறையையும் இவர்கள் மேற்கொண்டனர். வீட்டுச் சூழலிலிருந்து பிள்ளையைப் பிரித்தாலன்றிச் சமயப்பயிற்சி வேரூன்றாது என்னும் கருத்து இதற்கு அடிப்படையாக இருந்தது.

இம்முயற்சிக்கு அரசின் ஆதரவு தொடக்கத்தில் கிட்டவில்லை. 1820-இல் அச்சுப்பணிக்காக வந்த ஜேம்ஸ் காரட் என்பவரை ஆங்கிலேய அரசு நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தது. அமெரிக்க மிஷனரிகளின் எண்ணிக்கை பெருகுவதையும் அவ்வரசு தடுத்தது. ஆள்வலு பெருக வழியற்ற நிலையில், உள்ளூரில் ஆசிரியர்களை உருவாக்குதல் மிஷனுக்கு இன்றியமையாததாயிற்று. 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824-இல் ஹாரியட் வின்சுலோவின் முயற்சியால் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தோன்றின.

இரு பள்ளிகளும் சந்தித்த தடைகள் வேறுவேறானவை. ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, கிறித்தவர் வளாகத்தில் உண்பதால் சாதியாசாரம் கெடும் என்னும் அச்சம் முதன்மையானது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, கல்வியே தேவையற்றது என்னும் எண்ணம் மேலோங்கியிருந்தது. வசதிபடைத்த குடும்பங்கள் தயங்கிய தொடக்க ஆண்டுகளில் உடுவிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பத்துச் சிறுமியர். படிப்பை முடித்து மிஷன் ஏற்கும் திருமணத்தைச் செய்துகொள்ளும் பெண்ணுக்குச் சிறுதொகை சீதனமாக வழங்கப்பட்டது. பெண்ணின் சீதனத்தைத் தேசவழமை தனியுடைமையாக ஏற்றிருந்த யாழ்ப்பாணத்தில் இக்கொடையின் பொருளைப் பெற்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். பள்ளியை நடத்துவோர் உள்ளூர் வழக்கங்களுக்கு இணங்கிச் செல்ல நேர்ந்தமைக்கு இஃதொரு சான்றாகும்.

புரவலும் இடுபெயரும்

விடுதிச் செலவு பெரிது. அதனை ஈடுசெய்ய, ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஒரு தனிமனிதரோ, தேவாலயக் குழுவோ, பெண்கள் சங்கமோ ஏற்கும் முறை வகுக்கப்பட்டது. செலவை ஏற்றவர் பிள்ளைக்கு ஒரு பெயரைத் தெரிவு செய்தார். சபையின் திங்களிதழான மிஷனரி ஹெரால்டில் நன்கொடைப் பட்டியல் அச்சிடப்பட்டபோது அப்பெயர்களும் அதில் இடம்பெற்றன.

இம்முறையின் வலிமை எளிது. காணாத நாட்டின் பொதுவான வறுமைக்குக் கொடுப்பதைவிட, பெயருடைய ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது கொடையாளரின் மனத்தை ஆண்டுதோறும் பிணித்து வைத்தது. மறைந்த போதகரின் பெயர், சபைத் தலைவரின் பெயர், உறவினரின் பெயர் எனப் பலவும் இவ்வாறு யாழ்ப்பாணத்துக்கு வந்தன. கனகசபைப்பிள்ளைக்கு வழங்கிய ஜெரமையா எவார்ட்ஸ் என்பது அம்மிஷன் சபையின் செயலாளராக இருந்தவரின் பெயராகும்.

இதன் குறையும் இவ்வலிமையிலேயே அடங்கியுள்ளது. பெற்றோர் இட்ட பெயர் கொடையேட்டில் இடம்பெறவில்லை. பிள்ளை யாருடைய மகன், எந்த ஊரினன் என்பதைக் காட்டிலும் யாருடைய கொடையால் வாழ்கிறான் என்பதே அப்பதிவில் முதன்மை பெற்றது.

எனினும், பெயரின் வரலாறு அங்கு முடிந்துவிடவில்லை. செமினரியில் பயின்றோர் பலர் அமெரிக்கப் பெயரைக் களையவுமில்லை. அதனை மட்டும் தாங்கவுமில்லை. அதனை முன்வைத்துத் தம் தமிழ்ப்பெயரை அதனோடு இணைத்தனர். ஆர்னோல்ட் என்னும் பெயரோடு ‘உதயதாரகை’ இதழின் ஆசிரியராக விளங்கிய சதாசிவம்பிள்ளை, 1886-இல் தமிழ்ப்புலவர்களின் வரலாற்றைப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை மேலைத் தருக்கவியலை ‘நியாய இலக்கணம்’ என்னும் நூலால் தமிழுக்குக் கொணர்ந்தார். கரோல் விசுவநாதபிள்ளை 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார், மற்றவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவரே. கொடையாளரின் ஏட்டிலிருந்த பெயர் இவர்களுடைய நூல்முகப்பில் வேறொரு பொருளைப் பெற்றது.

உடுவில் மாணவியருக்கு இத்தகைய வாய்ப்பு அமையவில்லை. நூல்முகப்புகளும் பட்டமளிப்புப் பதிவுகளும் ஆண்களின் இரு பெயர்களையும் இணைத்துக் காத்தன. அவ்வழிகள் அடைபட்டிருந்த பெண்களுக்கு, கொடைப்பட்டியலின் பெயரையும் வீட்டுப்பெயரையும் இணைக்கும் சான்றுகள் அரிதாகின்றன. ஒரே கொடைமுறை ஆணுக்கும் பெண்ணுக்கும் விட்டுச்சென்ற வரலாற்றுத் தடம் ஒன்றாக இல்லை.

மகளிரின் உழைப்பு

பணக்கொடையைப் போலவே உழைப்புக்கொடையும் இப்பள்ளிகளைத் தாங்கியது. மிஷனரிகளின் மனைவியர் துணை மிஷனரிகள் என்றே குறிக்கப்பட்டனர். அவர்களுடைய கற்பித்தற் பணிக்குத் தனி ஊதியம் இல்லை. கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் பிறந்த ஹாரியட் வின்சுலோ 1833-இல் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார். அவருடைய தங்கையர் மூவரும் பின்னர் இதே மிஷன் பணிக்கு வந்தனர். 1840-இல் வந்த எலிசா ஆக்னியூ மணம் செய்துகொள்ளாமல் 1879 வரை பணியாற்றினார். தாயகம் திரும்பாமலே 1883-இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அவர் போற்றப்பட்டார். முதல் மாணவியரின் மகளிரையும் பெயர்த்திகளையும் அவரே கற்பித்தார் என்பது அவருடைய பணியின் தன்மையைக் காட்டும். ஒருவர் நெடுங்காலம் ஓரிடத்தில் நிலைத்திருந்ததால் தாய் படித்த பள்ளிக்கு மகளை அனுப்பும் வழக்கம் உருவாயிற்று. பெண்கல்வி மீதான தயக்கம் தளர்ந்தது.

1855-ஆம் ஆண்டு முடிவும் அதன் விளைவும்

தொலைவிலிருந்து வரும் உதவியின் நிலையாமை 1855-இல் வெளிப்பட்டது. மிஷன் சபைச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பணிகளை ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றோர் திருப்பணியை விடுத்து அரசுப்பணியை நாடுகின்றனர் என்பது அவர்தம் கருத்து. தாய்மொழிவழிக் கல்வியும் தற்சார்புடைய திருச்சபையும் அவருடைய கொள்கைகள். அவ்வாண்டிலேயே வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. தமிழ்வழிக் கல்விக்கு முதன்மை தந்த அக்கொள்கையில் நியாயம் உண்டு. ஆயினும் முடிவெடுக்கும் உரிமை பள்ளிக்குப் பொருள் தந்தோரிடமே இருந்தது. பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரிடம் இல்லை.

இதற்கு யாழ்ப்பாணம் அளித்த மறுமொழி குறிப்பிடத்தக்கது. 1856-இல் வட்டுக்கோட்டையில் ராபர்ட் பிரெக்கன்ரிட்ஜ் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். பெயரை மட்டும் நோக்குவோர் அவரை அமெரிக்கர் எனக் கருதக்கூடும், அவர் இம்மண்ணுக்குரியவர். அயல்நாட்டார் மூடிய பள்ளியின் இடத்தில் அயல்நாட்டுப் பெயர் தாங்கிய ஊரவர் ஒருவர் புதிய பள்ளியை எழுப்பினார். 1867 முதல் செமினரியின் பழைய மாணவரும் உள்ளூர்க் கிறித்தவரும் உயர்கல்விக்கூடம் வேண்டி முயன்றனர். அதன் பயனாக 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் உருவாயிற்று. உதவி பெற்றோர் உதவியைக் கோரவும் அதன் வடிவத்தை வரையறுக்கவும் தலைப்பட்டனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, புரவலர் பெயரிடும் வழக்கம் கொடையை நிலைப்படுத்திய அதேவேளை, பிள்ளையின் பிறப்பு அடையாளத்தைக் கொடையேட்டிலிருந்து நீக்கியது. இரண்டாவதாக, இரு பெயர்களையும் இணைத்துக்கொண்டதன் வழியாகத் தமிழ் மாணவர் அவ்வடையாளத்தை மீட்டனர். மாணவியருக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது. மூன்றாவதாக, கொடையாளர் விலகிய பின்னரே பள்ளி ஊராரின் பொறுப்பாக உருப்பெற்றது.

இக்காலக் கல்வி வரலாற்றை ஆய்வோர் மிஷன் ஆவணங்களில் உள்ள அமெரிக்கப் பெயர்களை அயலவர் பெயர்கள் எனக் கடந்து செல்லுதல் ஆகாது. அப்பெயர்களை ஊர், குடும்பப் பதிவுகளோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். உடுவிலில் பயின்ற சிறுமியரை வரலாற்றில் மீண்டும் இனங்காண அவ்வொப்பீடே வழியாகும்.