வாழையிலை நீலமாவது ஏன்? கிள்ளான் பள்ளத்தாக்குப் பெயர்ப்பலகைகளில் மையின் அளவும் வெயில் தாங்கும் திறனும்

1. காட்சி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பலகைகளை அண்ணாந்து பார்த்தால் தெரியும். பச்சை இலை நீலம் பூத்திருக்கும். குங்குமச் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகியிருக்கும். கறுப்பு மட்டும் அப்படியே நிற்கும். "மை பத்தல, கஞ்சத்தனமா அடிச்சிட்டான்" என்பது கடைக்காரர்களின் வழக்கமான புகார். அதில் பாதிதான் உண்மை.

2. வெயில்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே வரும். புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது இங்கே அதிசயமல்ல. மழையோ ஆண்டுக்கு 2,400 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மிதவெப்ப நாடுகளை மனத்தில் வைத்து மை நிறுவனங்கள் எழுதிய "வெளியில் 3 ஆண்டு" என்ற உறுதிமொழியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

3. நிறமிகள்

இங்க்ஜெட் அச்சில் பச்சை என்பது சயான் என்ற நீலமும் மஞ்சளும். சிவப்பு என்பது மெஜெண்டாவும் மஞ்சளும். சயானின் தாலோசயனின் நிறமியும் கறுப்பின் கரியும் வெயிலுக்கு எளிதில் அசையாதவை. மஞ்சளும் மெஜெண்டாவும் பொதுவாக முந்திக்கொண்டு வெளுக்கும். இலையில் மஞ்சள் போனால் மிஞ்சுவது நீலம்தான். தேர்தல் பதாகைகளில் தலைவர்களின் முகம் நாளடைவில் நீலம் பாய்வதும் இதனால்தான்.

அளவின் பங்கும் இங்கே உண்டு. கெட்டியான பூச்சில் மேலடுக்கு வெயிலை விழுங்கிக் கீழடுக்கைக் காக்கும். கொஞ்சம் நிறமி அழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இளநிறத்தில் புள்ளிகள் தள்ளித்தள்ளி விழுகின்றன. அங்கே அதே இழப்பு உடனே பளிச்சென்று தெரியும். கடைக்காரரின் பாதி உண்மை இதுதான்.

4. மிகுதி

ஒவ்வொரு மையின் முழு அளவையும் 100 என்று கொண்டால், நான்கு மையும் முழுதாக விழும்போது மொத்தம் 400 விழுக்காடு. பலகையில் ஒட்டும் வினைல் தாள் அவ்வளவைத் தாங்காது. எகோ-சால்வென்ட் மையின் கரைப்பான் வினைலுக்குள் இறங்கி அதை இளக்கும். பின்புறப் பசையும் கெடும். சுருளைப் பிரித்து முகர்ந்தால் வாடை அடிக்கிறதா, விரல் வைத்தால் ஒட்டுகிறதா? அப்படியானால் அது இன்னும் காயவில்லை. அந்த நிலையில் லேமினேஷன் போட்டால் ஓரம் சுருண்டு எழும்பும், மழைநீர் உள்ளே புகும். புற ஊதா ஒளியில் உறையும் மையில் சிக்கல் வேறு: தடித்த படலம் மடிப்பில் வெடிக்கும்.

தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. மலாய் எழுத்தே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் விதி. தமிழுக்குக் கிடைப்பது சிறிய இடம். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால், மிஞ்சிய மை பரவி ழகரத்தின் சுழி அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி மறையும். வெயில் தொடுவதற்கு முன்பே எழுத்து போய்விடுகிறது.

5. குறைத்துக் கூட்டுதல்

மூன்று வண்ணங்களும் கலந்து உண்டாக்கும் சாம்பல் பங்கை எடுத்துவிட்டுக் கறுப்பை இடுவது, என் கணிப்பில், மலிவான மருந்து. சயான் 50, மெஜெண்டா 60, மஞ்சள் 70 கலந்த பழுப்பு 180 விழுக்காடு. ஒவ்வொன்றிலும் 30ஐக் கழித்துக் கறுப்பு 30 சேர்த்தால் ஏறத்தாழ அதே நிறம் 120இல் கிடைக்கும். மை குறைகிறது, வெளுக்காத கறுப்பின் பங்கு கூடுகிறது.

பச்சையிலும் சிவப்பிலும் இரண்டே வண்ணங்கள் இருப்பதால் அவற்றுக்கு இது உதவாது. அவற்றுக்கு வரம்புக்குள் கெட்டியான பூச்சு, முழு உலர்வு, புற ஊதாவைத் தடுக்கும் லேமினேஷன் ஆகிய மூன்றும் வேண்டும். அச்சடித்தபின் ஒரு நாளாவது ஆறவிட வேண்டும் என்பது அச்சகத்தார் அறிந்ததே. ஆனால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முதல் வாரம், காலையில் அடித்த பலகை மாலையில் கடை முகப்பில் ஏறியாக வேண்டும்.