“அவ்வளவு பெரிய கம்பனி எப்படி விழும்?” – லீமன் பிரதர்ஸின் 158 வருடக் கதை



போன வாரம் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு வந்தது. ஒரு இடத்தில் காசு போட்டால் மாதாமாதம் நல்ல இலாபம் தருகிறார்களாம். “என்ன வியாபாரம் செய்து அந்த இலாபம் வருகிறது?” என்று நாம் கேட்டோம். யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு காக்கா சொன்னார்: “சேர், அவ்வளவு பெரிய கம்பனி எப்படி விழும்?”

அந்த இடத்தில் நாம் பதில் சொல்லவில்லை. வரலாறு படிப்பிக்கிற ஆட்கள் நாம். வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக இருக்கும். ஒரு தேத்தண்ணியோடு பொறுமையாக வாசியுங்கள்.

இது லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் கதை. அது தொடங்கியது ஒரு சின்னத் துணிக்கடையில்.

ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில் ரிம்பார் என்றொரு ஊர். அங்கே ஒரு மாட்டு வியாபாரியின் மகன் ஹென்றி லீமன். அந்தக் காலத்தில் பவேரியாவில் ஒரு ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் இருந்தது. இளைஞர்களுக்கு அங்கே எதிர்காலம் இல்லை. 1844இல் ஹென்றி கப்பலேறி அமெரிக்கா போனார். தெற்கே அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரி நகரில் துணிமணி, வீட்டுச் சாமான் விற்கும் கடை போட்டார். 1847இல் தம்பி இமானுவேல் வந்தார். 1850இல் அடுத்த தம்பி மேயரும் வந்து சேர, கடையின் பெயர் “லீமன் பிரதர்ஸ்” ஆனது.

அந்த ஊர் பருத்தி விளையும் ஊர். வாடிக்கையாளர்கள் பலர் காசுக்குப் பதிலாகப் பருத்தியைக் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள். நம்மூரில் கடைக்காரர் அறுவடை வரை கடன் கொடுத்துவிட்டு நெல்லாக வாங்கிக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சக் காலத்தில் துணி விற்பதை விடப் பருத்தியை வாங்கி விற்பதில் இலாபம் அதிகம் என்று சகோதரர்கள் கண்டுகொண்டார்கள். கடைக்காரர்கள் தரகர்களானார்கள்.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். லீமன் சகோதரர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். இந்த வங்கியின் முதல் மூலதனம் யாருடைய வியர்வையிலிருந்து வந்தது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

ஹென்றி 1855இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். 1858இல் நியூயோர்க்கில் ஒரு கிளை திறந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்ததும் தலைமையே அங்கு மாறியது. 1870இல் நியூயோர்க் பருத்திச் சந்தையை உருவாக்கியவர்களில் இவர்களும் இருந்தார்கள். அடுத்த தலைமுறை பருத்தியோடு நிற்கவில்லை. இமானுவேலின் மகன் பிலிப் காலத்தில், வளர்ந்துவரும் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டிக் கொடுப்பது முக்கிய தொழிலாயிற்று. 1906இல் கோல்ட்மன் சாக்ஸோடு சேர்ந்து சியர்ஸ் ரோபக் என்ற பெரிய சில்லறை வியாபாரக் கம்பனியின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுக் கொடுத்தார்கள். வூல்வர்த் கடைகளுக்கும் அப்படியே.

முதலீட்டு வங்கி என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். நாம் சம்பளம் எடுக்கும் வங்கி, மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிக் கடன் கொடுக்கிறது. முதலீட்டு வங்கி அப்படியல்ல. கம்பனிகளுக்குப் பங்கும் கடன் பத்திரமும் வெளியிட்டுக் கொடுக்கும், ஒரு கம்பனியை இன்னொன்று வாங்க உதவும், தானும் சந்தையில் வாங்கி விற்கும். நம்மைப் போன்றவர்களின் சேமிப்புக் கணக்கு அதன் கையில் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் சந்தையில் கடன் வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிலிப்பின் மகன் ரொபர்ட் லீமன் 1925 முதல் 1969இல் மௌத்தாகும் வரை கம்பனியை நடத்தினார். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சி, இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் அது தாண்டியது. ரொபர்ட்டுக்குப் பிறகு குடும்பத்தவர் யாரும் தலைமைக்கு வரவில்லை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், யூதக் குடும்பம் என்றதும் நம்மில் சிலர் வேறு கதை பின்னத் தொடங்கிவிடுவார்கள். 2008இல் விழுந்தபோது அது லீமன் குடும்பத்தின் கம்பனியல்ல. பங்குதாரர்களின் கம்பனி. விழுத்தியது பேராசையும் கணக்கு மறைப்பும். அவை எந்த இனத்துக்கும் சொந்தமானவையல்ல.

1980களின் தொடக்கத்தில் உள்ளே அதிகாரச் சண்டை. 1984இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பனி லீமனை வாங்கியது. பத்து வருடம் கழித்து, 1994இல், தனிக் கம்பனியாக வெளியே விட்டது. அப்போது தலைவராக வந்தவர் ரிச்சர்ட் ஃபுல்ட். 1969இல் இருந்து அங்கேயே வேலை செய்தவர். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் அவர்களின் தலைமையகக் கட்டடம் சேதமாகி, வேறு இடங்களில் இருந்து தொழில் நடத்தினார்கள். அதிலிருந்தும் எழும்பினார்கள். இத்தனையும் தாண்டிய கம்பனி என்பதால், ‘இது விழாது’ என்ற நம்பிக்கை உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் ஊறிப்போயிருந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது. நிரந்தர வருமானம் இல்லாதவர்களுக்கும், சம்பளச் சான்று காட்டாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் என்ன, வீட்டை விற்று எடுக்கலாம், விலைதான் ஏறுகிறதே என்பது கணக்கு. லீமன் அப்படிக் கடன் கொடுக்கும் கம்பனிகளையே வாங்கியது. ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒன்றாகக் கட்டி, பத்திரமாக்கி, உலகமெங்கும் விற்றது. விற்றதோடு நிற்காமல் தானும் வாங்கிக் குவித்தது. 2007இல் அதன் இலாபம் 4 பில்லியன் டொலருக்கு மேல். அதுவரை இல்லாத சாதனை.

இந்தச் சாதனைக்குள்தான் ஆபத்தும் இருந்தது. 2007 முடிவில் லீமன் வைத்திருந்த சொத்து ஏறத்தாழ 690 பில்லியன் டொலர். அதன் சொந்த மூலதனம் 22 பில்லியன் சொச்சம். அதாவது சொந்தக் காசைப் போல 30 மடங்குக்கு மேல் சொத்து.

நம் கணக்கில் சொல்வோம். உங்களிடம் சொந்தமாக 1 இலட்சம் ரூபா இருக்கிறது. 30 இலட்சம் கடன் வாங்கி 31 இலட்சத்துக்கு ஒரு வளவு வாங்குகிறீர்கள். வளவின் விலை 10 வீதம் ஏறினால் உங்கள் 1 இலட்சம் 4 இலட்சமாகிவிடும். ஊரே உங்களைக் கெட்டிக்காரன் என்னும். ஆனால் விலை 4 வீதம் இறங்கினாலே உங்கள் சொந்தக் காசு முழுவதும் போய், அதற்கு மேல் கடன்காரனாகவும் ஆகிவிடுவீர்கள்.

அந்தக் கடனும் நீண்ட காலக் கடனல்ல. பெரும்பகுதி ‘ரெப்போ’ எனப்படும் குறுகிய காலக் கடன். இதை விளங்க நகை அடகை நினையுங்கள். இன்று பின்னேரம் நகையை அடகு வைத்துக் காசு எடுக்கிறீர்கள். நாளைக் காலை மீட்கிறீர்கள். நாளைப் பின்னேரம் திரும்பவும் வைக்கிறீர்கள். இப்படியே ஒவ்வொரு நாளும் குடும்பம் நடக்கிறது. ஒருநாள் அடகுக்காரர், “இந்த நகையில் எனக்குச் சந்தேகம், இன்றைக்கு எடுக்கமாட்டேன்” என்று சொன்னால்? அன்றிரவு அடுப்பு எரியாது. லீமன் நடந்தது இப்படித்தான், ஆனால் பில்லியன் கணக்கில்.

2006இற்குப் பிறகு வீட்டு விலை இறங்கத் தொடங்கியது. கடன் எடுத்தவர்கள் கட்ட முடியாமல் போனார்கள். 2008 மார்ச்சில் பெயார் ஸ்டேர்ன்ஸ் என்ற இன்னொரு முதலீட்டு வங்கி சரிந்தது. அரச உதவியோடு அதை ஜே.பி. மோர்கன் வாங்கியது. அடுத்தது லீமன்தான் என்று சந்தையில் பேச்சு.

அப்போது லீமன் செய்த வேலையைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு நாள் நெருங்கும்போது, கொஞ்சம் சொத்தை அடகு வைத்துவிட்டு, புத்தகத்தில் ‘விற்றுவிட்டோம்’ என்று எழுதினார்கள். வந்த காசால் கடனில் கொஞ்சத்தை அடைத்தார்கள். கணக்கில் கடன் குறைவாகத் தெரியும். கணக்கு வெளியானதும், வேறு கடன் வாங்கி அடகை மீட்டுக்கொள்வார்கள். இதற்கு ‘ரெப்போ 105’ என்று பெயர். 2008இன் இரண்டாம் காலாண்டில் மட்டும் ஏறத்தாழ 50 பில்லியன் டொலரை இப்படி மறைத்திருக்கிறார்கள். நீதிமன்றம் நியமித்த பரிசோதகர் 2010இல் வெளியிட்ட 2,200 பக்க அறிக்கையில்தான் இது உலகத்துக்குத் தெரியவந்தது.

2008 ஜூனில் 2.8 பில்லியன் டொலர் நட்டம் என்று அறிவித்தார்கள். செப்டெம்பர் 10இல் இன்னும் 3.9 பில்லியன். பணம் போட வருவார்கள் என்று எதிர்பார்த்த கொரிய வங்கியும் விலகியது. அந்த வெள்ளிக்கிழமை, செப்டெம்பர் 12, நியூயோர்க்கின் பெரிய வங்கித் தலைவர்களை மத்திய வங்கிக் கட்டடத்துக்கு அழைத்தார்கள். லீமனை வாங்க யாராவது வருவார்களா என்பதே கேள்வி. பேங்க் ஒஃப் அமெரிக்கா, லீமனை விட்டுவிட்டு மெரில் லின்ச்சை வாங்கியது. பிரித்தானியாவின் பார்க்ளேஸ் விரும்பியது. ஆனால் அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. அமெரிக்க அரசாங்கமும் இந்தமுறை காசு தர மறுத்தது.

செப்டெம்பர் 15 திங்கட்கிழமை, விடியும் முன்னரே, லீமன் பிரதர்ஸ் நீதிமன்றத்தில் வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தது. கடன் 613 பில்லியன் டொலர். அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய வங்குரோத்து இருந்ததில்லை. 2007இன் தொடக்கத்தில் 86 டொலருக்குப் போன பங்கு, அன்று சில சதங்களுக்கு வந்தது. ஏறத்தாழ 25,000 ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கம்பனிப் பங்காகவே கொடுத்திருந்தார்கள். அந்தப் பங்கில் இருந்த அவர்களின் சேமிப்பு கரைந்துபோனது. பலர் வேலையையும் இழந்தார்கள். காகிதப் பெட்டிகளோடு கட்டடத்திலிருந்து அவர்கள் வெளியேறிய படங்களை அப்போது பத்திரிகைகளில் பார்த்தது நமக்கு இன்னும் ஞாபகம்.

அமெரிக்கப் பிரிவைப் பார்க்ளேஸ் வாங்கியது. ஆசியா, ஐரோப்பாப் பிரிவுகளை ஜப்பானின் நொமூரா எடுத்தது. தலைவர் ஃபுல்ட்டை நாடாளுமன்றக் குழு ஒக்டோபரில் விசாரித்தது. 2000ஆம் ஆண்டு முதல் தான் பெற்றது 300 மில்லியன் டொலர் அளவில் என்று அவரே சொன்னார். லீமனின் உயர்மட்டத்தில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

ஆனால் நம் கவனம் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். அது ஹொங்கொங். அங்கே ‘லீமன் மினிபொண்ட்’ என்று ஒரு பத்திரத்தைத் தெருமுனை வங்கிக் கிளைகளிலேயே விற்றிருந்தார்கள். பெயரில் ‘பொண்ட்’ என்று இருந்ததால் மக்கள் அதைப் பத்திரமான வைப்பு என்று நினைத்தார்கள். உள்ளே இருந்ததோ சிக்கலான ஒப்பந்தம். வாங்கியவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள், வயதான பெண்கள். லீமன் தொடர்புள்ள இப்படியான முதலீடுகளில் அங்கே 40,000க்கும் அதிகமானோர் மாட்டிக்கொண்டார்கள். வங்கி வாசல்களில் பதாகையோடு நின்றார்கள். 2009 ஜூலையில் வங்கிகள் மினிபொண்ட் வாங்கியவர்களில் தகுதியானவர்களுக்கு முதலில் 60 வீதத்தையும், 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு 70 வீதத்தையும் கொடுக்க இணங்கின. நின்று போராடியதால் அவ்வளவாவது கிடைத்தது.

நம் நாட்டுக்கும் அதன் அலை வந்தது. 2008இன் கடைசியில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அரச பத்திரங்களிலிருந்து காசை எடுத்துக்கொண்டு போனார்கள். டொலர் கையிருப்பு வேகமாகக் குறைந்தது. 2009 ஜூலையில் சர்வதேச நாணய நிதியம் 2.6 பில்லியன் டொலர் கடனுக்கு அனுமதி கொடுத்தது.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

“அது வட்டிக் கம்பனி சேர், விழத்தான் செய்யும். நாங்கள் போடுவது வட்டி இல்லாத இடம்” என்று சிலர் சொல்லக்கூடும். வட்டியின் கேட்டைப் பற்றி நமக்குள் வாதமில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் நம்மூரில் என்ன நடந்தது? ‘முழாரபா’, ‘ஹலால் இலாபம்’ என்ற பெயரோடு வந்த ஒரு இடத்தில்தான் எத்தனையோ பேர் காசைப் போட்டார்கள். முதல் ஏழெட்டு மாதம் இலாபம் ஒழுங்காக வந்தது. பிறகு கைத்தொலைபேசி நிறுத்தப்பட்டது. நம் மாமி ஒருவர், கட்டாரில் மகன் உழைத்து அனுப்பிய காசை, மகளுக்கு வீடு கட்ட வைத்திருந்த காசை, அங்கே கொடுத்தார். அந்த வீடு இன்றும் அத்திவாரத்தோடு நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கணக்கைக் காட்டச் சொல்லி அன்று நாம் யாரும் கேட்கவில்லை. படித்த நாமும் கேட்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெயரில் ‘பொண்ட்’ இருந்ததால் ஹொங்கொங் மக்கள் நம்பினார்கள். பெயரில் ‘ஹலால்’ இருந்ததால் நாம் நம்பினோம். பெயரை எழுதுவது சுலபம். கணக்கைத் திறந்து காட்டுவதுதான் கஷ்டம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அமானிதம் என்பது வாங்குகிறவருக்கு மட்டுமல்ல. பிள்ளைகளின் காசைக் கையில் வைத்திருக்கிற நமக்கும்தான்.

ஆகவே அந்தக் காக்காவுக்கும், வாசிக்கிற எல்லோருக்கும் நாம் சொல்வது இவ்வளவுதான். காசு கொடுக்க முன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த இலாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது? கம்பனியின் சொந்தக் காசு எவ்வளவு, அடுத்தவர் காசு எவ்வளவு? கணக்கைப் பரிசோதிப்பது யார்? மத்திய வங்கி அனுமதித்த நிறுவனங்களின் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறதா? இதில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால், அல்லது கேட்டதும் அவர்களுக்குக் கோபம் வந்தால், காசை வீட்டிலேயே வையுங்கள்.

158 வருடம் நின்றது லீமன் பிரதர்ஸ். பெரிய கம்பனி எப்படி விழும் என்று 2008 செப்டெம்பர் 14 ஞாயிறு இரவும் யாரோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் காசு பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், இருந்து கதைப்போம்.