இலைத்துளையும் விடியற்காலைப் பிரட்டும்

பால்மரக் காட்டிலே கோழி கூவுமுன் மணியடித்து ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியது எதற்காக? துரையின் அதிகாரம் என்பர் எம் வீட்டு முதியோர். அதிகாரம் இருந்தது மெய்யே. ஆயினும் நேரத்தைக் குறித்தது துரையன்று; இலை.

ஆங்கிலப் பள்ளியில் யாம் ‘ஸ்டோமாட்டா’ என்று நெட்டுருச் செய்து படமும் வரைந்தோம். கலும்பாங் வட்டாரத் தோட்டமொன்றில் எம் பாட்டியாரின் உறக்கத்தைக் கெடுத்தது அதுவே என்று எவரும் எமக்கு உரைத்திலர்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1724-இல் தொட்டியிலிருந்த சூரியகாந்திச் செடியொன்றை நாள்தோறும் காலையும் மாலையும் நிறுத்தார். 12 மணிநேரப் பகலில் அது சராசரி 20 அவுன்ஸ் நீரை ஆவியாக விட்டது. பனியில்லாத வெப்ப இரவிலோ 3 அவுன்ஸ் அளவே! 1727-இல் அதனை நூலாக வெளியிட்டார். துளையின் இருபுறமும் உள்ள காவற்செல்கள் நீருண்டு பருத்தால் வாய் திறக்கும், தளர்ந்தால் மூடும் என்பதை ஜெர்மானியராகிய ஹியூகோ வான் மோல் 1856-இல் விளக்கினார்.

வாய் திறவாவிடில் கரியமிலவாயு உட்புகாது, மரத்துக்கு உணவில்லை. திறந்தாலோ நீர் போகும். ரப்பர் மரத்தில் இத்துளைகள் இலையின் அடிப்புறத்திலேயே உள. இரவில் அவை மூடியிருக்க, வேர் உறிஞ்சிய நீரால் பட்டையிலுள்ள பால்குழாய்கள் விம்மி நிற்கும். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தாராகிய பட்டரி, போட்மன் இருவரும் அவ்வழுத்தத்தை அளந்து 1964-இல் வெளியிட்டனர். விடியற்போதில் அது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் 10 மடங்கையும் தாண்டுவதுண்டு! அவ்வேளையில் உளி பட்டால் பால் பீறிட்டு மங்கில் இறங்கும். வெயிலேறி இலைகள் வாய் திறந்தபின் அழுத்தம் தாழும், பாலும் குறையும்.

“வெயில் வந்தா மரம் பாலை உள்ளே இழுத்துக்கும்” என்பார் பாட்டியார். அறிஞர் கருவிகொண்டு அளந்ததை அவர் மங்கிலே கண்டார்.

மழை நாளில் பட்டை ஈரம் காயும்வரை உளி வைத்தலாகாது. காய்ந்தபின் வெட்டினால் வெயில் ஏறிவிடும், வாளி நிறையாது. அன்று அரைப்பேர், சோம்பேறி என்ற ஏச்சு வேறு. குற்றம் கையினதா, இலையினதா என்று கேட்பார் யார்?

இன்று இவ்வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. கிராணித் தொழிலிலுள்ள எமக்குப் பழைய செக்ரோல் ஏடொன்றைப் புரட்ட நேர்ந்தது. பெயருக்கு ஒரு பத்தி, இறாத்தலுக்கு ஒரு பத்தி, கூலிக்கு ஒரு பத்தி. எந்நேரத்தில் வெட்டினார் என்பதற்குப் பத்தி இல்லை.